கூர்ச்சீட்டு செல்லுமா? பதிவு செய்யாத குடும்பப் பாகப்பிரிவினைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் தகரப் பெட்டியைத் திறந்தால் மூன்று காகிதங்கள் நிச்சயம் இருக்கும்: மூல பத்திரம், தீர்வை (நில வரி) ரசீது, கூர்ச்சீட்டு. முதல் இரண்டைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. மூன்றாவதுதான் நீதிமன்றம் வரை நடக்கும். முப்பது ஆண்டுகளாக ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து, அப்படி நடந்து வந்த காகிதங்களைப் பிரித்துப் படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கூர்ச்சீட்டு என்றால் கூறு போட்ட சீட்டு. அண்ணன் தம்பிகள் ஊர்ப் பெரியவர்களை வைத்துக்கொண்டு கழனியையும் கொல்லையையும் பங்கு போட்டு, ஆளுக்கொரு படி எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது. பதிவு அலுவலகம் பக்கமே போயிருக்காது. “இது செல்லுமா?” என்றுதான் வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். எதற்குச் செல்லும், யாருக்கு எதிராகச் செல்லும் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். ஒரே காகிதம் உங்கள் தம்பியைக் கட்டுப்படுத்தும். உங்கள் அக்காவைக் கட்டுப்படுத்தாமலும் போகும்.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

காகிதத்தை எடுத்ததும் எல்லாரும் முத்திரைத்தாள் எத்தனை ரூபாய், சாட்சி யார், நோட்டரி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் வினைச்சொல்லைப் பார்ப்பேன். வழக்கின் பாதி அங்கேதான் இருக்கிறது.

1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும், அல்லது இல்லாமல் ஆக்கும் ஆவணம் கட்டாயம் பதிவாக வேண்டும். அந்த நூறு ரூபாய் 1908-இன் நூறு ரூபாய். இன்று அந்தக் காசுக்குக் காட்பாடியில் ஒரு முழம் மண்கூட வராது. ஆனாலும் தொகை அப்படியே நிற்பதால், நிலத்தைப் பிரிக்கும் எந்தக் காகிதமும் இந்த வலையில் விழும்.

விழாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பாகம் முன்பே வாய்மொழியாக நடந்து முடிந்திருக்க வேண்டும். காகிதம் அதை நினைவில் வைக்க மட்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குடும்ப ஏற்பாடு வாய்மொழியாக இருக்கலாம், அதற்குப் பதிவு வேண்டாம், நடந்ததைக் குறித்துவைக்கும் குறிப்புக்கும் பதிவு வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் காலே வழக்கில் சொன்னது. 1988-இல் ரோஷன் சிங் வழக்கிலும் இதே கோட்டைத்தான் போட்டது: பிரிவினையைச் செய்கிற பத்திரம் வேறு, செய்ததைச் சொல்கிற குறிப்பு வேறு.

இரண்டு வாசகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். (தபசில் என்றால் சொத்து விவரப் பட்டியல்.)

“நாம் மூவரும் இன்று முதல் கீழ்க்கண்ட தபசில்படி பாகம் பிரித்துக்கொண்டு, அவரவர் பாகத்தை அவரவர் சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது.”

“நாம் மூவரும் சென்ற தை மாதம் பெரியோர் முன்னிலையில் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டு, அதன்படி அனுபவித்து வருகிறோம். அதை ஞாபகார்த்தமாக இதில் எழுதி வைத்துக்கொண்டோம்.”

முதலாவது காகிதமே நிலத்தைப் பிரிக்கிறது. பதிவு இல்லையென்றால் பாகத்தை நிரூபிக்க அது உதவாது. இரண்டாவது, ஏற்கெனவே பிரிந்ததைச் சொல்கிறது. அதைச் சாட்சியமாக வைக்க இடம் உண்டு. “இன்று முதல்” என்ற இரண்டு வார்த்தை ஒரு குடும்பத்தின் கழனியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, பழைய தேதி போட்டு இரண்டாவது வாசகத்தில் புதிதாக ஒன்று எழுதலாம் என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். வாய்மொழிப் பாகம் உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் காகிதத்துக்கு வெளியே போய்த்தான் பார்க்கும். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில் விற்பனையாளர் எழுதிய தேதி இருக்கிறது. அது பொய் சொல்லாது.

காகிதத்தின் வயது, சகோதரிகளின் பங்கு

இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏனென்றால், நான் பார்த்த கூர்ச்சீட்டுகளில் பெரும்பாலானவை உடைவது இங்கேதான்.

“பெண்களுக்குச் சீர் செய்தாயிற்று, அவர்களுக்கு எதற்குக் கையெழுத்து” என்று பிரித்த காகிதங்கள்தாம் வேலூர் மாவட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கும் என்பது என் அனுபவ மதிப்பு. சட்டம் சீர்வரிசையைப் பங்காகக் கணக்கிடுவதில்லை. இந்துக் குடும்பங்களுக்கான வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததிலிருந்தே, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளும் மகனுக்குச் சமமான வாரிசு. பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களைப் பங்காளிகள் ஆக்கியது. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம், திருமணமான மகள்களையும் சேர்த்து எல்லா மகள்களுக்கும் பிறப்பாலேயே அந்த உரிமையைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது.

சட்டம் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது: 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் நடந்து முடிந்த பாகப்பிரிவினையைத் திருத்தம் தொடாது. “எங்கள் கூர்ச்சீட்டு 1991-இல் எழுதியது, எங்களைத் தொடாது” என்று உடனே சொல்வார்கள். அவசரப்படக் கூடாது. அந்த விதிவிலக்கில் பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. வாய்மொழிப் பாகம் என்ற வாதத்தை விதிவிலக்காகவே ஏற்க வேண்டும், அதுவும் அரசு ஆவணங்கள் அதற்குத் துணையாக நிற்க வேண்டும் என்பது வினீதா சர்மா தீர்ப்பு. தனிப் பட்டா மாறியிருக்கிறதா, தனித்தனியே விற்றிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வெறும் காகிதத்தை நீட்டி சகோதரியை வெளியே நிறுத்த முடியாது.

இந்த வரிசை இந்துக்களுக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் முஸ்லிம் குடும்பங்களில் பூர்வீகக் கூட்டுச் சொத்து என்ற கருத்தே கிடையாது. ஒருவர் இறந்த நிமிடத்தில் வாரிசுகளின் பங்கு விகிதம் முடிவாகிவிடுகிறது, மகளுக்கும் அதில் இடம் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஆனால் பிரிக்கும் காகிதம் பதிவாக வேண்டும் என்ற விதி எல்லா மதத்துக்கும் ஒன்றுதான்.

யார் கையெழுத்து இல்லை?

கையெழுத்துப் போட்டவர்களை எண்ணுவதைவிடப் போடாதவர்களை எண்ணுங்கள். தாத்தா பெயரில் நிலம் இருந்தால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரையும் ஒரு தாளில் மரம்போல வரைந்துகொள்ளுங்கள். இறந்துபோன அத்தையின் பிள்ளைகள், விதவை அம்மா, வேலைக்குப் போன இடத்திலேயே தங்கிவிட்ட சித்தப்பா என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். கையெழுத்துப் போட்டு, தன் பாகத்தை வாங்கி அனுபவித்தவர், பிறகு “அது செல்லாது” என்று திரும்பிவர முடியாது. காலே வழக்கு அந்தக் கதவையும் சாத்திவைத்திருக்கிறது. கையெழுத்தே போடாதவரை அந்தக் காகிதம் எதுவும் செய்ய முடியாது.

எழுதும்போது யாராவது மைனராக இருந்தார்களா என்றும் பாருங்கள். மைனருக்குப் பங்கு குறைந்திருந்தால், வயது வந்த பிறகு அந்தப் பாகத்தையே கலைக்கக் கேட்கலாம்.

இன்னொன்று: தகப்பனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், தகப்பனார் உயிரோடு இருக்கிறார், பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள் என்றால், அந்தக் காகிதத்தை அப்படியே மடித்து வைத்துவிடலாம். பிரிக்க அவர்களிடம் எதுவுமே இல்லை.

காகிதத்துக்குப் பின்னால் என்ன நடந்தது?

எழுதிய நாளுக்குப் பிறகு ஒவ்வொருவரும் தம் பாகத்தில் தனியாக வாழ்ந்தார்களா என்பதற்கான தடயங்களைச் சேருங்கள். தனிப் பட்டா, அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) யார் பெயருக்கு எந்தப் பயிர், தீர்வை ரசீது, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன், மின் இணைப்பு. எல்லாவற்றையும்விடக் கனமானது, ஒரு சகோதரர் தம் பாகத்தை விற்றபோது எழுதிய பதிவுப் பத்திரம். அதில் “எனக்குக் கூர்ச்சீட்டுப்படி கிடைத்த” என்று ஒரு வரி இருந்து, மற்ற சகோதரர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த ஒரு வரி கூர்ச்சீட்டைவிடப் பலமாகப் பேசும். வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டு அப்படி ஏதாவது பத்திரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது உங்கள் அனுபவத்துக்குச் சாட்சி. உரிமைப் பத்திரம் ஆகாது.

பழைய காகிதத்தில் “வட ஆற்காடு மாவட்டம்” என்று இருக்கும். 1989-இல் அந்த மாவட்டம் இரண்டாகி, திருவண்ணாமலை தனியே போனது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. மாவட்டம், தாலுகா பெயர்கள் மாறின. நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவு எண்களும் மாறியிருக்கலாம். காகிதத்தில் உள்ள பழைய சர்வே எண் இன்றைய எந்த எண் என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

குடியாத்தம் பக்கத்துக் கூர்ச்சீட்டு ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. பழுப்பேறிய தாள், மடிப்பில் கிழிந்து பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தது. சக்குபந்தி, அதாவது எல்லை விவரம், இப்படி: “புளியமரத்துக்கு மேற்கு, பெரியவர் பாகத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாட்டைக்கு வடக்கு.” பெரியவர் பாகத்துக்கு எது எல்லை என்று பார்த்தால், “சின்னவர் பாகத்துக்கு மேற்கு”. சர்வே எண் இல்லை, சென்ட் கணக்கு இல்லை. புளியமரத்தைச் சாலை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். மரம் நின்ற இடம் எது என்பதிலேயே அண்ணன் தம்பிக்கு இரண்டு கருத்து. இரண்டு கருத்துக்கும் நடுவே பதினோரு அடி. சர்வேயர் சங்கிலியோடு வந்து நின்று, “மரத்தை அளக்க முடியாது, ஐயா” என்றார்.

நீதிமன்றத்தில் அந்தக் காகிதம் எவ்வளவு தூரம் ஓடும்?

பதிவாக வேண்டிய காகிதம் பதிவாகவில்லை என்றால், இன்ன நிலம் இன்னாருக்கு என்று நிரூபிக்க அதைக் காட்ட முடியாது. பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு தடுக்கிறது. அதே பிரிவு ஒரு சின்ன ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது: சார்பு நோக்கத்துக்குக் காட்டலாம். குடும்பம் கூட்டாக இருந்து பிரிந்துவிட்டது, யார் எந்த இடத்தில் எந்த முறையில் அனுபவத்தில் இருக்கிறார் என்பதுவரை காட்டலாம்.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு காவல்காரர் நிற்கிறார். முத்திரைச் சட்டம். உரிய முத்திரைத் தீர்வை கட்டாத பாகப்பிரிவினைக் காகிதத்தை எந்த நோக்கத்துக்கும் பார்க்க முடியாது. சார்பு நோக்கத்துக்குக் காட்ட வேண்டுமானாலும் குறைந்த தீர்வையையும் அதற்கு மேல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்ட வேண்டும். 2015-இல் எல்லப்பு உமா மகேசுவரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதினோமே என்பது கணக்கில் வராது. நோட்டரி முத்திரையும் அப்படியே. அது கையெழுத்துக்குச் சாட்சி, பதிவுக்கு மாற்று ஆகாது.

முப்பது ஆண்டு ஆகிவிட்டால் காகிதம் தானாகச் செல்லுபடியாகிவிடும் என்று டீக்கடை வழக்கறிஞர்கள் சொல்வார்கள். முப்பது ஆண்டு பழைய ஆவணம் சரியான இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அவ்வளவுதான். பதிவில்லாத குறை வயதானதால் தீராது.

இன்றே சரிசெய்வது எப்படி?

பழைய கூர்ச்சீட்டையே எடுத்துப்போய்ப் பதிவு செய்ய முடியாது. எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். அபராதம் கட்டினால் இன்னும் நான்கு மாதம். அதோடு கதவு மூடிவிடும். ஆகவே எல்லாரும் சம்மதிக்கும் நிலை இருந்தால், புதிய பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதுதான் நேர்வழி. முன்னுரையில் பழைய ஏற்பாட்டைப் பற்றியும், இத்தனை ஆண்டு அதன்படி அனுபவித்து வந்ததைப் பற்றியும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயந்துதான் தள்ளிப்போடுகிறார்கள். குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான பாகப்பிரிவினைக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, பிரிக்கப்படும் பாகத்தின் மதிப்பில் 1 விழுக்காடு. பதிவுக் கட்டணமும் 1 விழுக்காடு. 2023 ஜூலையில் உச்சவரம்பை உயர்த்தி, ஒரு பாகத்துக்குத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், கட்டணம் 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். பாகத்தின் மதிப்பு 5 லட்சம் என்றால் 5,000 வீதம் இரண்டும் சேர்ந்து 10,000. அரைக் கோடி, ஒரு கோடி என்றாலும் 50,000-ஐத் தாண்டாது. ஒரு வழக்கில் முதல் இரண்டு ஆண்டு வாய்தாவுக்குப் போய்வரும் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் இதைத் தொட்டுவிடும். பதிவுக்குப் போகும் வாரத்தில் கட்டண விகிதத்தையும் வழிகாட்டி மதிப்பையும் (நிலத்துக்கு அரசு வைத்த மதிப்பு) சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை: மூல பத்திரத்தின் அசல், இறப்புச் சான்றுகள், தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று, எல்லாருடைய ஆதார் அட்டை. பங்கு வேண்டாம் என்று மனமார விலகும் சகோதரி இருந்தால், வாயால் சொன்னது போதாது. விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அவரைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிறுத்திக் கையெழுத்துக் கேட்பதைப் போன்ற அநாகரிகம் வேறில்லை. முன்பே வீட்டுக்குப் போய், என்ன எழுதப்போகிறோம் என்று படித்துக் காட்டுங்கள்.

பத்திரம் எழுதுமுன் சர்வேயரை வைத்து அளந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் வரைபடம் போட்டு, சென்ட், ஏர்ஸ் இரண்டிலும் அளவைக் குறித்து, வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்துவிடுங்கள். புளியமரம் வேண்டாம்.

நிலத்தைவிடக் கிணற்றைத்தான் நம் ஊரில் கவனமாக எழுத வேண்டும். பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில் தண்ணீர் இல்லாத பாகம் பாகமே இல்லை. என் அப்பாவும் சித்தப்பாவும் பிரித்துக்கொண்டபோது நிலத்தை முழக்கணக்காக அளந்தார்கள். கிணற்றுக்கு “பொது” என்று ஒரே சொல். கிணறு சித்தப்பா பாகத்தில், மின் இணைப்பு அப்பா பெயரில். எட்டு ஆண்டு நன்றாகத்தான் போயிற்று. ஒரு கோடையில் தண்ணீர் இறங்கியதும், மோட்டாரை யார் எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று தொடங்கியது. சித்தப்பா கிணற்று மேட்டுக்கு வேலி போட்டார், அப்பா மின்சாரப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். இரண்டு வீட்டு வேர்க்கடலையும் ஒன்றாகக் காய்ந்தது.

ஆகவே இவற்றைத் தனித்தனியே எழுதுங்கள்: கிணற்றில் ஆளுக்கு எத்தனை பங்கு, முறைத் தண்ணீர் எந்தக் கிழமை யாருக்கு, தூர் வாரும் செலவும் மோட்டார் பழுதும் யார் தலையில், மின் இணைப்பு யார் பெயரில் இருந்தாலும் மற்றவருக்கு என்ன உரிமை, மோட்டார் அறைக்குப் போகும் நடைபாதை, பின்னால் இருக்கும் கழனிக்கு டிராக்டர் போக எத்தனை அடி அகலத்தில் வழி, தண்ணீர் போகும் கால்வாய் எந்த வரப்பு ஓரமாக. புதிதாகப் போர் போட்டால் பழைய கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

பதிவு முடிந்ததும் உட்பிரிவு செய்து தனிப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். பெங்களூரு–சென்னை விரைவுச் சாலைக்கு நிலம் எடுத்தபோது, நம் மாவட்டங்களில் பலருக்கு இதன் அவசியம் புரிந்தது. நில எடுப்பு அதிகாரி பார்ப்பது கணக்கில் உள்ள பெயரை. கூட்டுப் பட்டாவாக இருந்தால், யார் பாகத்தில் சாலை போனாலும் இழப்பீட்டுக்கு எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

ஒருவர் மட்டும் வரமாட்டேன் என்றால்?

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் சமரசம் எழுதப்பட்டால், அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பிடிவாதக்காரர்கள்கூட, ஊர்ப் பஞ்சாயத்தில் இறங்காதவர்கள், ஒரு நீதிபதியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கும் முடியவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கு. முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். பிறகு ஆணையர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை வரும். முதல்நிலைத் தீர்ப்பு வந்ததும் ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டு, இறுதித் தீர்ப்பாணைக்கு மனுவே போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிலம் இன்னும் பிரியவில்லை. இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கவும் வேண்டும். அதற்கும் தீர்வை உண்டு.

வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு விற்றுவிடுமோ என்ற பயம் இருந்தால், மனுவோடு சேர்த்தே இடைக்காலத் தடை கேட்கச் சொல்லுங்கள். கூர்ச்சீட்டின் அசலை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். வக்கீலுக்கு நகல் போதும். அசலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிற நாளில் நீங்களே கொண்டு போங்கள். லாமினேஷன் போட்டுவிடாதீர்கள். போட்டால் தாளின் பின்பக்கத்து முத்திரையையும் மையையும் சோதிக்க முடியாமல் போகும்.